குடும்பத்துப் பழைய மரத்தைக் கொடுத்து ஷேவிங் பிரஷ் செய்யச் சொல்பவர்கள் கவனத்துக்கு

நினைவுப் பொருளாகக் கையாலேயே ஷேவிங் பிரஷ் செய்து தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டார். பணம் போனது பெரிதில்லை. அப்பாவின் சாய்வு நாற்காலிக் கைகள் போய்விட்டன.

தாத்தா காலத்து ஈட்டி மர நாற்காலி அது. பிரம்புப் பின்னல் அறுந்து, ஒரு கால் முறிந்த பிறகும் கைகள் இரண்டும் உறுதியாக இருந்தன. அப்பா காலையில் அதில் உட்கார்ந்துதான் சவரம் செய்துகொள்வார். அவர் காலமான பின், அந்தக் கைகளைக் கடைந்து அண்ணனுக்கும் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு பிரஷ், பிடியில் அப்பாவின் பெயர் என்று முடிவு செய்தோம். மரத்தையும் முழுத் தொகையையும் முன்பே அனுப்பச் சொன்னார் அந்த விளம்பரக்காரர். முடி 'அசல் பேட்ஜர்' (வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கு) என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார்.

வந்தவை பார்வைக்கு அழகுதான். வெந்நீரில் நனைத்ததும் பிடியிலிருந்து சிவப்புச் சாயம் இறங்கித் துண்டெல்லாம் கறையானது. அடியைச் சுரண்டினால் வெளிறிய மரம். ஈட்டி மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் எங்கே வெட்டினாலும் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ரேகை ஓடும். எங்கள் ஊரில் கடைசல் வேலை செய்யும் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ரப்பர் மரம் தம்பி" என்றார்.

முடியும் பொய். பேட்ஜர் முடியின் அடி வெளுத்திருக்கும், நடுவில் கறுப்புப் பட்டை, மறுபடி வெளுத்த நுனி. அந்த நுனி இயல்பாகவே கூர்ந்து மெலிவதால் நல்ல பிரஷ்ஷில் அதைக் கத்தரிப்பதில்லை. முடிகளை நுனி கீழாகக் குழிந்த அச்சில் அடுக்கி உருட்சி வரவைத்து, அடியில் கட்டுவார்கள். எங்களுக்கு வந்தவற்றில் நுனி மொட்டையாக வெட்டப்பட்டிருந்தது, தாடையைக் குத்தியது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்ததும் அந்தக் கறுப்புப் பட்டை பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது.

இது பழைய புரட்டு. முதல் உலகப் போரின்போது பேட்ஜர் முடி வரத்து தடைபட, குதிரை முடியைப் பேட்ஜர் போலச் செய்து விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்கள் உட்படப் பலருக்கு, விலங்குகளிடமிருந்து பரவும் கொடிய நோயான ஆந்த்ராக்ஸ் தொற்றியது; சிலர் இறந்தே போனார்கள். என்ன முடி, எங்கிருந்து வந்தது என்று கறாராகக் கேளுங்கள்.

எங்களுக்கு விற்றவரிடம் மரம் மாறியதைச் சொன்னபோது, "கடைந்தால் நிறம் வெளுக்கத்தான் செய்யும் சார்" என்றார். மிச்ச மரத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, எல்லாம் தூளாகிவிட்டதாம். விரல் நீளப் பிடிகள் மூன்றுக்கு இரண்டு நாற்காலிக் கைகளும் தூளாகுமா? அதன்பின் அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

உங்கள் வீட்டு மரத்தைத் தயவுசெய்து முழுதாக அனுப்பாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போடும் முன் பிடியைக் காட்டச் சொல்லி, பிறகு மீதிப் பணம் கொடுங்கள். அதைவிட நல்லது, பக்கத்துக் கடைசல் பட்டறையில் கண்ணெதிரே பிடியைக் கடைந்து வாங்குவது. கட்டிய முடிக்கற்றை தனியாக விலைக்குக் கிடைக்கிறது. பிடியில் குழி போட்டு ஒட்டிவிடலாம்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. நாங்கள் தொடுத்திருக்கிறோம். அப்பாவின் மரத்தை என்ன செய்தார் என்பதை அவர் அங்கே சொல்லியாக வேண்டும்.