சிஸ்விப் 3.1: பத்து வருடத்துக்குப் பிறகு

போன வருடம் இரண்டாம் முறையாகப் புதுப்பித்தேன். 2014-இல் வாங்கிய வெல்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் இது. வாங்கிய சூட்டில் எழுதுகிற அனுபவம் நிறையக் கிடைக்கும். பத்து வருடம் அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினால் என்ன தெரிகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது துவாக்குடியில் ஒரு பட்டறையில் கியூ.சி. வேலை. திருச்சிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெல் கொதிகலன் ஆலையை நம்பி அந்தப் பக்கம் முழுக்கப் பட்டறைகள், எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு வெல்டர். டிப்ளமோ முடித்து ஐந்து வருடம் ஆகியும் சம்பளம் நகரவில்லை. வளைகுடா வேலைக்கு ஏஜென்சி வாசலில் போய் நின்றால் முதல் கேள்வியே, "சிஸ்விப் இருக்கா, சிடபிள்யூஐ இருக்கா?" என்பதுதான். இரண்டும் இல்லை என்றால் பயோடேட்டாவைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எதை எடுப்பது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சிஸ்விப், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் டிடபிள்யூஐ என்ற வெல்டிங் நிறுவனம் நடத்துவது. சிடபிள்யூஐ, அமெரிக்க வெல்டிங் சொசைட்டி 1976-இல் ஆரம்பித்த சான்றிதழ். அதில் மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 72 சதவீதம் வேண்டும், கோடு, அதாவது வெல்டிங் விதிநூல், தாளுக்கு மட்டும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிஸ்விப்புக்கு ஐந்து வருடம். நான் சிஸ்விப் எடுத்ததற்குக் காரணம் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. எனக்குத் தெரிந்து வளைகுடா போனவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்திருந்தார்கள். இன்று கேட்டால், போகப் போகிற புராஜெக்ட் எந்தக் கோடில் ஓடுகிறது என்று பார்த்து முடிவெடு என்பேன்.

பணம்? என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின.

ஐந்து நாள் வகுப்பு. தியரி பயமுறுத்தியதே தவிர கடினமில்லை. பில்லட் எனும் மூலை வெல்டின் தொண்டைத் தடிமன் அதன் லெக் நீளத்தில் 0.7 பங்கு, ஹீட் இன்புட் கணக்கு, கார்பன் ஈக்விவலன்ட் என்று மனப்பாடம் செய்யக்கூடிய சங்கதிகள். ஹைட்ரஜன் விரிசல் பாடம் மட்டும் அப்போதே மனதில் தைத்தது. ஹைட்ரஜன், இழுவிசை, கடினமாகிப்போன உலோக அமைப்பு, தாழ்ந்த வெப்பநிலை. நாலும் கூடினால்தான் விரிசல், ஒன்றைத் தடுத்தாலும் போதும்.

ஆளைக் கவிழ்ப்பது செய்முறைத் தேர்வு. வெல்டு செய்த தட்டு ஒன்று, குழாய் ஒன்று, வெல்டைக் குறுக்கே வெட்டி எடுத்த மேக்ரோ இரண்டு. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 70 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் கோட்டைவிட்டால் மற்றதில் எடுத்த மார்க் கைகொடுக்காது.

தட்டுக்கு 75 நிமிடம். கையில் டார்ச், ஸ்டீல் ஸ்கேல், லென்ஸ், வெல்டை அளக்கிற கேம்பிரிட்ஜ் கேஜ். மேலே வெல்டின் மேல்முகம், கேப்; திருப்பினால் அடிப்பக்கம், ரூட். டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும். தட்டோடு தட்டாகச் சாய்த்துப் பிடித்தால் வெல்டும் தட்டும் சேரும் டோ ஓரமாக ஒரு நிழல் விழும், அங்கே அண்டர்கட் எனும் அரிப்புப் பள்ளம். கேஜின் கூர்முனையை அந்தப் பள்ளத்தில் இறக்கி ஆழத்தைப் படிக்க வேண்டும். மூச்சுவிட்டால்கூட முள் கால் மில்லி நகர்கிறது. வெல்டை விட்டுத் தள்ளி ராடு தீப்பொறி பட்ட ஆர்க் ஸ்ட்ரைக் தழும்பு ஒன்று, சிதறிக்கிடக்கும் ஸ்பேட்டர் துளிகள், ஒரு இடத்தில் கிரைண்டர் பட்ட தடம். எல்லாவற்றையும் டேட்டம், அதாவது அளவு தொடங்கும் ஓரத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர், நீளம் இத்தனை என்று படம் போட்டுக் குறித்து, அந்தப் படத்தை வைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் எல்லாக் குறையையும் கண்டுபிடித்தேன். பெருமையாகத்தான் எழுந்து வந்தேன். ஆனால் ரூட் பார்க்கத் தட்டைத் திருப்பியபோது நீளவாக்கில் திருப்பாமல் தலைகீழாகத் திருப்பிவிட்டேன். டேட்டம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அளந்த அளவெல்லாம் சரி, எந்த முனையிலிருந்து அளந்தேன் என்பது தப்பு. தட்டில் ஃபெயில்.

தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்பது ஆறுதல். அதற்கும் பணம் கட்ட வேண்டும் என்பதை வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது. மறுமுறை தட்டை வாங்கியதும் வேறு எதையும் பார்க்காமல், ரூட் பக்கமும் அதே முனையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். பாஸ்.

அட்டை வந்து நாலாவது மாதம் சவூதியின் ஜுபைல். கதவைத் திறப்பதில் இதற்கு நிகரில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அடகு வளையல் அந்த வருடமே திரும்பியது. ஆனால் கதவுக்கு உள்ளே நடப்பதற்கும் தேர்வுக்கும் சம்பந்தம் குறைவு. வெல்டைப் பார்க்கிற நேரத்தைவிடக் காகிதம் பார்க்கிற நேரம்தான் அதிகம். இந்த ஜாயிண்ட்டை அடித்த வெல்டரின் தகுதி எந்தத் தடிமன் வரைக்கும், டபிள்யூபிஎஸ் எனும் வெல்டிங் செய்முறைத் தாளில் உள்ள ராடுதான் ஓடுகிறதா, இரும்பின் உருக்குத் தொகுதியைச் சொல்லும் ஹீட் நம்பர் பொருந்துகிறதா. தேர்வில் இதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். சைட்டில் முக்கால் பொழுது இதிலேயே போகும்.

தியரி ஒருநாள் உயிரோடு வந்து நின்றது. காலை ஆறரை, தடித்த குழாய், ஈரம் படக்கூடாத 7018 ராடு. அதைச் சூடாக வைத்திருக்கும் கையடக்க ஓவனை, குவிவர் என்போம், சும்மா தொட்டுப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. பிளக்கைத் தேடினால் அது கழன்று கிடக்கிறது, அந்த பாயிண்ட்டில் யாருடைய செல்போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்க அப்படியே இருந்திருக்கிறது. கடற்கரைக் காற்று, அத்தனை ஈரம். ராடு குடிக்கிற அந்த ஈரத்திலிருந்துதான் ஹைட்ரஜன். அதற்குள் இரண்டு ஜாயிண்ட் முடிந்துவிட்டது.

ஃபோர்மேன் புதுக்கோட்டைக்காரர், என்னைவிட மூத்தவர். "தம்பி, நம்மூர்க்காரரே இப்படிப் பண்ணலாமா? ஷிஃப்டு போயிடும்" என்றார்.

"அண்ணே, ராடு ரூமுக்குத் திரும்பட்டும். அந்த ரெண்டு ஜாயிண்ட்டும் ஹோல்டு."

ஹைட்ரஜன் விரிசல் தாமதமாகவும் வரும் என்பதால் 48 மணி நேரம் கழித்துக் காந்தத்துகள் சோதனை வைத்தோம். விரிசல் ஒன்றும் இல்லை. சினிமாவாக இருந்தால் விரிசல் இருந்திருக்கும். "பாத்தீங்களா" என்று அவர் ஒரு வாரம் குத்திக்காட்டினார். அந்த ஒரு வாரமும் கேன்டீனில் எனக்கு எதிரே யாரும் உட்காரவில்லை. இதற்கு எந்த வகுப்பிலும் பயிற்சி கிடையாது.

2019-இல் முதல் புதுப்பிப்பு. தொடர்ந்து இதே வேலையில் இருந்ததற்குச் சான்று, கண் பரிசோதனை அறிக்கை, கட்டணம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண் பரிசோதனையில்தான் கிட்டத்தில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி தேவை என்று தெரிந்தது. முதல் தடவை அந்தப் பொடி எழுத்தைக் கடகடவென்று வாசித்தவன், இப்போது அட்டையைத் தள்ளித் தள்ளிப் பிடித்தேன். டாக்டர் சிரித்தார். கண்ணாடி போட்டுப் பாஸாகலாம், அதில் பிரச்சினை இல்லை. அதற்கு முந்தைய ஆறு மாதம் ஸ்கேல் அளவுகளை எப்படிப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தபோதுதான் தூக்கம் வரவில்லை.

பத்தாம் வருடம் காகிதம் மட்டும் போதாது, மறுபடி செய்முறைத் தேர்வு. பத்து வருட அனுபவம், ஊதித் தள்ளிவிடலாம் என்று போனேன். அங்கேதான் அடி. சைட்டில் கண் தானாகவே வடிகட்டப் பழகிவிடுகிறது. அரை மில்லி அண்டர்கட் வரம்புக்குள் இருந்தால் அதைக் கண் பார்ப்பதே இல்லை, தாண்டிப் போய்விடும். தேர்வு அதைக் கேட்பதில்லை. முதலில் இருப்பது அத்தனையையும் குறி, ஏற்பதா தள்ளுவதா என்பது அப்புறம் என்கிறது. பாதி நேரம் போன பிறகுதான் என் படம் காலியாக இருப்பது உறைத்தது. முதலிலிருந்து மறுபடி டார்ச்சைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் இருபத்தைந்து வயதுப் பையன், புதிதாக எழுதுகிறவன், என்னைவிட இரண்டு மடங்கு குறித்திருந்தான் என்று அவன் பென்சில் சத்தத்திலேயே தெரிந்தது. 70-ஐத் தாண்டினேன், எவ்வளவு தாண்டினேன் என்று கேட்காதீர்கள்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். துவாக்குடியில் பையன்கள் வந்து எந்த கோர்ஸ், எவ்வளவு செலவு என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். மூன்று வருடமாவது தரையில் நின்றுவிட்டுப் போ என்றும் சொல்கிறேன், பாதிப் பேருக்கு அது பிடிப்பதில்லை. சரி என்று ஸ்கிராப்பில் கிடக்கிற ஒரு தட்டை எடுத்துக் கையில் கொடுத்து, ரூட் பக்கம் என்ன இருக்கிறது பார் என்பேன். போன வாரம் வந்தவன் தட்டை வாங்கிய வேகத்தில் தலைகீழாகத் திருப்பினான்.

மேஜை டிராயரிலிருந்து சாக்பீஸை எடுத்து அவனிடம் நீட்டினேன்.