பூரி பிரஸ்ஸில் சப்பாத்தி: நாலு வருஷம் அழுத்திப் பார்த்த பிறகு

ஒரு ஆளுக்கு நாலு சப்பாத்தி. அதற்குப் பலகை, கட்டை, மேடை முழுக்கச் சிந்திய மாவு, அப்புறம் அதைத் துடைக்கிற வேலை என்று முக்கால் மணி நேரம் போகிறதே என்ற எரிச்சலில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. எனக்கு வேலை ஏற்காட்டில், வீடு சேலம் அம்மாப்பேட்டையில். வாரத்தில் ஐந்து நாள் மலை மேலே வாடகை அறையில் தனிச் சமையல். திங்கட்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, அன்றைய வேலையையும் முடித்த பிறகு கட்டையைத் தொடவே மனசு வராது.

முதலில் வாங்கியது கரண்டில் ஓடும் ரொட்டி மேக்கர், 900 வாட். விளம்பரத்தில் உருண்டையை வைத்து மூடியதும் பலூன் மாதிரி உப்பியது, எனக்கு வந்ததெல்லாம் அப்பளம். சூட்டோடு அழுத்துகிற மெஷின் அது, ஒரு நொடி அதிகம் மூடிவிட்டால் மாவிலிருக்கும் ஈரமெல்லாம் ஆவியாகப் போய்விடும், உப்புவதற்கு உள்ளே எதுவும் மிச்சமிருக்காது. மழைக்காலத்தில் மேலே கரண்ட் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது, பாதி வெந்த ரொட்டியோடு டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்த இரவுகளும் உண்டு. இப்போது அது அம்மா வீட்டில் இருக்கிறது. நிஜமாகவே அப்பளம் சுடத்தான் பயன்படுகிறது, எண்ணெய் மிச்சம்.

அதற்கப்புறம் செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடை ஒன்றில் 750 ரூபாய்க்கு இந்தப் பூரி பிரஸ்ஸை வாங்கினேன், கீல் போட்ட இரண்டு தட்டுக்கு நடுவே மாவை வைத்துக் கைப்பிடியால் அழுத்துகிற சாமான். அலுமினிய வார்ப்பு, எட்டு அங்குலம், நல்ல கனம். முதல் மாதம் இதையும் திட்டினேன். அழுத்தித் திறந்தால் உள்ளங்கை அளவுக்கு விரிந்த மாவு கண்ணெதிரிலேயே சுருங்கும். போனில் புலம்பியபோது அம்மா சொன்னது: "கண்ணு, பூரிக்குப் பிசையற மாதிரி கெட்டியாப் பிசைஞ்சுட்டு பிரஸ்ஸைக் குத்தம் சொல்லாத. மாவு இன்னும் தண்ணி கேக்குது பாரு."

விஷயம் அதுதான். கட்டையில் தேய்க்கும்போது கை மறுபடி மறுபடி மாவை இழுக்கிறது, பிரஸ்ஸில் ஒரே அழுத்து. கெட்டி மாவில் குளூட்டன், அதாவது கோதுமையின் இழுவைப் புரதம், ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பிவிடும். இப்போது என் கணக்கு, அரை கிலோ கோதுமை மாவுக்கு 350 மில்லி தண்ணீர். மில்லில் அரைத்த மாவு என்றால் இன்னும் ஒரு கை கூடவே குடிக்கும், கல் இயந்திரத்தில் அரைபடும்போது மாவுச்சத்து நிறைய உடைந்துவிடுவதால். தண்ணீரில் பாதியைக் கொதிக்கவைத்து முதலில் ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூடு வந்ததும் மீதியைச் சேர்த்துப் பிசைகிறேன். சுடுதண்ணீர் பட்டதும் மாவுச்சத்து கொஞ்சம் வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, இழுவையும் குறைகிறது. மறுநாள் மதிய டப்பாவிலும் சப்பாத்தி மடித்தால் உடைவதில்லை.

அப்புறம் ஊறல். சேலம் வெயிலில் இருபது நிமிஷம் போதும். ஏற்காட்டு டிசம்பர் குளிரில் நாற்பது நிமிஷமாவது வேண்டும், அதுவும் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அடுப்பு மேடையிலேயே வைத்தால்தான். விரலால் அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் உடனே எழும்பினால் இன்னும் ஆகவில்லை, சோம்பேறி மாதிரி அப்படியே கிடந்தால் தயார்.

பால் கவரை மூன்று பக்கம் வெட்டிக் கழுவி எண்ணெய் தடவி, நடுவில் எலுமிச்சை அளவு உருண்டையை வைத்து, விரலால் லேசாகத் தட்டிவிட்டு அழுத்துகிறேன். கீல் பக்கம் எப்போதும் மெல்லிசாகவும் கைப்பிடிப் பக்கம் தடிமனாகவும் வரும். கவரோடு அரை வட்டம் திருப்பி இன்னொரு தடவை மெதுவாக அழுத்தினால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது, கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நன்றாகக் காய்ந்த இரும்புக்கல்லில் போட்டு, நிறம் மாறியதும் திருப்பி, அடியில் புள்ளி விழுந்ததும் மறுபடி திருப்பி, ஓரத்தைத் துணியால் அழுத்தினால் பத்துக்கு எட்டு உப்புகிறது.

குறை இல்லாமல் இல்லை. கட்டையில் தேய்க்கிற மெல்லிசு ஒருநாளும் வராது. கீலில் தண்ணீர் தங்கினால் அலுமினியம் கறுத்து மாவில் ஒட்டும், அதனால் கழுவாமல் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மூன்றாம் வருஷம் கீல் ஆணி தேய்ந்து ஆட்டம் கண்டது. லீ பஜார் பக்கம் ஒரு பட்டறையில் போல்ட் போட்டுக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் புதிதாக இருந்ததைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது.

பத்து உருண்டையையும் அழுத்தி அடுக்கி வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தளர்ந்த மாவு ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி ஒரே உருண்டையாகிவிடும். ஒன்று கல்லில் வேகும்போது அடுத்ததை அழுத்த வேண்டும். ஓரிருவருக்கு இந்தத் தாளம் அருமை, ஊறல் போக கால் மணி நேரத்தில் என் நாலு சப்பாத்தி முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அம்மாப்பேட்டையில் ஏழு பேர் சாப்பிட உட்காருகிறோம், ஒருவர் தேய்க்க ஒருவர் சுட, கட்டைதான் அங்கே வேகம். போல்ட் போடக் கொண்டு போனதைத் தவிர பிரஸ்ஸை நான் கீழே கொண்டு போவதே இல்லை.