ஃபோட்டோஷாப் அப்டேட்டுக்குப் பிறகு பழைய ஷார்ட்கட்: டிக் போடுவதா, சொந்த செட் வைப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் படக்கடை வைத்திருந்தால் ஒரே மேசைக்கு எல்லா வேலையும் வந்து சேரும். காலையில் பாஸ்போர்ட் படம், மதியம் தோட்டத்துக் கோயில் திருவிழா பேனர், மாலையில் கல்யாண ஆல்பம். நடுவில் ஒருவர் தன் அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்து, பதினாறாம் நாளுக்குள் பெரிதுபண்ணித் தரச் சொல்வார். இத்தனையும் நேரத்துக்கு முடிய வேண்டுமென்றால் விரல் யோசிக்காமல் ஓட வேண்டும். அதனால்தான் ஃபோட்டோஷாப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும், புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பழைய கீயைத் தேடுகிறோம்.

எங்கள் கடையில் இரண்டு கணினி. ஒன்று பல வருடமாகப் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்தபோது இருக்கிற வழிகளையெல்லாம் பார்த்துவிட்டு, சொந்த ஷார்ட்கட் செட் ஒன்றைக் கோப்பாகச் சேமித்து வைக்கும் வழியை எடுத்தேன். நான் அந்தப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய மாற்றம் 2018 அக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்பில் நடந்தது. அதுவரை கண்ட்ரோல் + இசட் (அன்டூ, அதாவது செய்ததைத் திரும்ப எடுப்பது) ஒரே ஒரு படி பின்னால் போகும், மறுபடி அழுத்தினால் முன்னால் வரும். பல படி பின்னால் போகக் கண்ட்ரோல் + ஆல்ட் + இசட். புதிய பதிப்பில் கண்ட்ரோல் + இசட் மற்ற மென்பொருள்களில் இருப்பதுபோல் அழுத்த அழுத்தப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் வரக் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + இசட். பழைய முன்பின் ஆட்டம் கண்ட்ரோல் + ஆல்ட் + இசட்டுக்குப் போய்விட்டது. பழைய வழக்கத்துக்கு ஒரு காரணமும் உண்டு. 1990இல் வந்த முதல் பதிப்பிலிருந்து 1998இல் 5.0 பதிப்பில், செய்த படிகளை வரிசையாகக் காட்டும் ஹிஸ்டரி பலகை வரும்வரை திரும்பிப் போக ஒரே ஒரு படிதான் இருந்தது. அந்த ஒரு படியையே நாம் வேறு வேலைக்கும் பழக்கிக்கொண்டோம். முகத்தில் ஒரு தழும்பை மறைத்துவிட்டு, கண்ட்ரோல் + இசட்டை மாற்றி மாற்றித் தட்டி, முன்பு எப்படி, இப்போது எப்படி என்று பார்ப்போம். ரீடச் செய்பவர் கை அதை விடாது.

அதே பதிப்பில், படத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உதவும் ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மும் மாறியது. முன்பு ஷிஃப்டைப் பிடித்தால்தான் படத்தின் விகிதம் காக்கப்படும். இப்போது பிடிக்காமலே காக்கப்படும், பிடித்தால் விகிதம் உடையும். 2021இல் சேவ் ஆஸ் பட்டியலிலிருந்து ஜேபெக் விலகி சேவ் அ காப்பி என்ற கட்டளைக்குள் போனது.

இந்த மூன்றையும் திருப்ப ஒவ்வொரு டிக் இருக்கிறது. எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியைத் திறந்து லெகசி (பழைய முறை) அன்டூ ஷார்ட்கட்ஸ் என்பதைத் தேர்ந்து, ஃபோட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும். ப்ரிஃபரன்ஸஸில் ஜெனரல் பக்கத்தில் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம், ஃபைல் ஹேண்ட்லிங் பக்கத்தில் லெகசி சேவ் ஆஸ். வேலை அவ்வளவுதான். பலருக்கு இதுவே போதும், அவர்கள் மேலே படிக்கவே தேவையில்லை.

ஆனால் மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடாதீர்கள். யாருக்கு எது என்பது செய்கிற வேலையைப் பொறுத்தது. நாள் முழுக்க முகத்தைச் சரிசெய்பவருக்குப் பழைய அன்டூ வேண்டும், ஆனால் புதிய டிரான்ஸ்ஃபார்ம் நல்லது. பேனர்காரருக்கு நேர் எதிர். அவர் பாதி நேரம் அடோபியின் இன்னொரு மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் இருப்பார். அங்கே கண்ட்ரோல் + இசட் பல படி பின்னால் போகும், விகிதத்துக்கு இன்றும் ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். அவருக்கு அன்டூ புதியதாகவும் டிரான்ஸ்ஃபார்ம் பழையதாகவும் இருந்தால் இரண்டு மென்பொருளிலும் கை ஒன்றுபோல் ஓடும்.

நான் அன்டூவுக்கு மட்டும் டிக் போட்டேன், டிரான்ஸ்ஃபார்மைப் புதியபடியே விட்டேன். எங்களுக்கு வருவதில் கணிசமானவை நினைவஞ்சலிப் படங்கள். அவசரத்தில் பெரிதாக்கும்போது முகம் அகலமாகவோ ஒடுங்கியோ போனால், அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? விகிதம் தானாகவே நிற்கட்டும். ஷிஃப்டைத் தேடும் விரல் கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

அப்புறம் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளும் வழி. அடோபியின் மென்பொருள்களை இறக்கித் தரும் கிரியேட்டிவ் க்ளவுட் செயலியில் அப்டேட் கொடுக்கும்போது பழைய பதிப்புகளை நீக்கு என்ற டிக்கை எடுத்துவிட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு தீபாவளி சீசனைக் கடக்க இது நல்ல வழி. நிரந்தர வழி ஆகாது. புதிய கேமராவின் ரா கோப்பை, ஃபோட்டோஷாப்போடு வரும் கேமரா ரா என்ற துணை மென்பொருளின் பழைய பதிப்பு திறக்காது, டிஎன்ஜி என்ற அடோபியின் பொது ரா வடிவமாக மாற்றித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். கணினி கெட்டுப்போனால் மறுபடி இறக்கிக்கொள்ள இப்போதைய பெரிய பதிப்பும் அதற்கு முந்தியதும்தான் கிடைக்கும். ஒரே ஒரு காரணத்துக்காகப் பழையதை ஒரு மூலையில் வைத்திருப்பதை ஒத்துக்கொள்கிறேன்: பழைய டைப் 1 தமிழ் எழுத்துருக்களில் செய்த பேனர்கள். அடோபி 2023 ஜனவரியோடு அந்த வகை எழுத்துருக்களுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கோயில் பேனரில் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய.

புதியதையே பழகிக்கொள்வது? கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. பத்து வருடம் பழகிய கைக்கு அது வேறு கதை.

இப்போது சொந்த செட். அதே கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியில் (கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + கே அழுத்தினாலும் திறக்கும்) நமக்கு வேண்டிய கீயை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் செட்டுக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். அது கேஒய்எஸ் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பாக உட்காரும். விண்டோஸில் இருக்கும் இடம்: ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, அந்தப் பதிப்பின் ஃபோல்டர், ப்ரீசெட்ஸ், கீபோர்டு ஷார்ட்கட்ஸ்.

நான் இந்த வழிக்கு வந்த காரணம் முழுவதும் இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. மேலே சொன்ன பாதையில் பதிப்பின் பெயரும் வருகிறதல்லவா, அதைக் கவனியுங்கள். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் தனி ஃபோல்டர். அடுத்த வருடம் புதிய பதிப்பு வந்தால் புதிய ஃபோல்டர் பிறக்கும், பழைய அமைப்பு பழைய ஃபோல்டரிலேயே இருக்கும். அப்டேட்டின்போது பழைய அமைப்புகளைக் கொண்டுவா என்று கேட்டுக்கொள்ளலாம், எடிட் மெனுவில் ப்ரீசெட்டை இடமாற்றும் கட்டளையும் உண்டு. ஆனால் அதெல்லாம் அதே கணினியில் பழையது உயிரோடு இருந்தால்தான் நடக்கும். ஹார்ட்டிஸ்க் போய்விட்டாலோ, இடி மின்னலில் போர்டு கருகினாலோ, பென்டிரைவில் ஒரு பிரதியும் கூகுள் டிரைவில் ஒரு பிரதியும் இருக்கிற கேஒய்எஸ் கோப்புதான் கைகொடுக்கும். புதிய கணினியில் அந்த ஃபோல்டரில் போட்டு, பெட்டியில் பெயரைத் தேர்ந்தால் நம் கீயெல்லாம் நம்மோடு வந்துவிடும்.

டிக் போடுவது அப்படியல்ல. டிக்குகள் மெனுவுக்குள் சிதறிக் கிடக்கின்றன, யார் எதைப் போட்டார்கள் என்று எழுதிவைக்கவும் இடமில்லை. எங்கள் கடையில் வேலை செய்யும் தங்கச்சி மேசை மாறி உட்கார்ந்தால், "அண்ணே, இதுல இசட் ஒரே இடத்துல நிக்கலையே" என்பாள். ஒரே மனிதருக்கு இரண்டு மேசையில் இரண்டு விதமான கீ இருந்தால் எந்த ஷார்ட்கட்டும் கைக்குள் தங்காது. இப்போது இரண்டு கணினியிலும் ஒரே பெயரில் ஒரே செட். அதே பெட்டியில் சம்மரைஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. எல்லாக் கீயையும் பட்டியலாக்கி, உலாவியில் திறக்கிற ஒரு பக்கமாகத் தரும். அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். என் டிக் முடிவுகளையும் அதன் அடியில் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

கூடவே ஆக்‌ஷன்களையும் ஏடிஎன் கோப்பாகச் சேமித்துவிடுங்கள்; பல படிகளைப் பதிவுசெய்து ஒரே கீயில் மறுபடி ஓட்டுவதுதான் ஆக்‌ஷன். கடை வேலையில் உண்மையான வேகம் அங்கேதான். ஆக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் எஃப்2 முதல் எஃப்12 வரை ஒரு கீ கொடுக்கலாம், ஷிஃப்ட், கண்ட்ரோல் சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் படம் 35க்கு 50 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் அது 413க்கு 591 பிக்சல். வெட்டி, 4ஆர் (4க்கு 6 அங்குலம்) தாளில் எட்டாக அடுக்கும் வரை எங்களுக்கு ஒரே கீ.

இந்த வழியிலும் பராமரிப்பு உண்டு. பழைய செட்டைப் புதிய பதிப்பில் போட்டதும், புதிதாக வந்த கட்டளைகள் கீ இல்லாமல் நிற்கின்றனவா என்று ஒருமுறை கண்ணோட்டம் விட வேண்டும். ஏதாவது கீயை மாற்றினால் மறக்காமல் மறுபடி சேமித்து, பென்டிரைவிலும் மாற்ற வேண்டும். கடையில் ஒருவர் இதற்குப் பொறுப்பாக இருந்தால்தான் நடக்கும். தனியாக வீட்டில் படம் செய்பவருக்கு இவ்வளவு தேவையா என்றால், தேவையில்லை. மேலே சொன்ன டிக்குகளில் வேண்டியதைப் போட்டால் போதும்.

ஃபோட்டோஷாப்பை விட்டு, கிம்ப் என்ற வேறு படத்தொகுப்பு மென்பொருளுக்கே போய்விடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இலவசம், ஃபோட்டோகிம்ப் என்ற ஒட்டைப் போட்டால் ஷார்ட்கட்டும் ஃபோட்டோஷாப் மாதிரியே வரும். நான் அதில் பேனர் அளவு வேலை மட்டும் செய்திருக்கிறேன், ஆல்பம் செய்ததில்லை, அதனால் ஆல்பக்காரர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

தமிழில் தட்டச்சு செய்கிற நமக்கு இன்னொன்று. அப்டேட்டைக் குறை சொல்வதற்கு முன், கீபோர்டு தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் இருக்கும்போது வி அழுத்தினால் மூவ் கருவி வராமல் போகலாம். விண்டோஸில் இரண்டு மொழி வைத்திருந்தால் இடது ஆல்ட் + ஷிஃப்ட் மொழியை மாற்றும். ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் சேர்ந்த எந்தக் கீயை அழுத்தினாலும் நமக்குத் தெரியாமலே மொழி மாறிவிட வாய்ப்புண்டு. மேலே சொன்ன எந்த வழியும் இதைச் சரிசெய்யாது. விண்டோஸ் செட்டிங்ஸில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதற்குள் மொழி மாற்றும் ஹாட் கீ. அங்கே ஆல்ட் + ஷிஃப்டை எடுத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் கீ + ஸ்பேஸ் இருக்கவே இருக்கிறது.