மேற்கு மாம்பலத்தில் கேள்வி கேட்டுக் கொடுக்கிற மருந்துக்கடை

ஆரிய கவுடா ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் இந்த மெடிக்கல்ஸைப் பற்றி, "ரொம்ப நேரம் ஆக்குகிறார்கள், ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள்" என்று சிலர் குறை எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பதும் அதற்காகத்தான். அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்து மாறிப் போனால் என்னவெல்லாம் ஆகும் என்று வார்டில் பார்த்தவள். கேட்டதை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிற கடையில் எனக்கு மனசு ஒப்பாது.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்குக் காலையும் இரவும் ஊசி. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சிலும் இரண்டு வகை உண்டு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. முன்பு நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த வேறொரு கடையில், நல்ல கூட்டம் இருந்த ஒரு சாயங்காலம், 40 குப்பியோடு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பையைப் பிரித்ததும் மூடியின் நிறம் கண்ணில் பட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெரியாத வீடாக இருந்தால்? அந்த சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். ஊசி தவறாமல் போட்டும் சுகர் ஏறிக்கொண்டே இருக்கும், டாக்டரும் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார். மாற்றி நடந்தால் இன்னும் மோசம். 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். வயதானவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

இங்கே மருந்தாளுநர் குப்பியையும் சிரிஞ்சு பாக்கெட்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அச்சடித்திருக்கும் 40-ஐ விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பில் போடுகிறார். நான் நர்ஸ் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் காட்டுகிறார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தெரிந்தவர்கள்தானே என்று விடுகிற இடத்தில்தான் தப்பு நுழையும். ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். வெயில் காலத்தில் ஐஸ் பேக் தருகிறார்கள், அது குப்பியின் மேல் நேராகப் படாதபடி காகிதம் சுற்றி.

அப்புறம் என் நாத்தனார் விஷயம். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு அவளுக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, தொற்று வந்து, உயிரே போகலாம். அதோடு ஃபோலிக் ஆசிட் என்கிற வைட்டமின் மாத்திரை வேறு. அவளுக்கு வந்தவை இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள், கண்ணாடி இல்லாமல் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சீட்டைப் பார்த்ததும் மருந்தாளுநர் கேட்டார்:

"அம்மா, இதை எந்தக் கிழமை சாப்பிடச் சொன்னாங்க?"

"செவ்வாய்க்கிழமைன்னு சொன்னாங்க தம்பி."

"மத்த நாள்?"

"மத்த நாள் இது கிடையாது."

நாத்தனார் வாயாலேயே அதைச் சொல்ல வைத்த பிறகுதான் கவரை எடுத்து, "செவ்வாய் மட்டும்" என்று தமிழில் பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டார். ஃபோலிக் ஆசிட்டுக்குத் தனிக் கவர். "புரிஞ்சுதா" என்று கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டிவிடுவார்கள். நோயாளியையே திருப்பிச் சொல்ல வைத்தால்தான் புரிந்ததா இல்லையா என்று தெரியும். வார்டில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

ஒரு நாள் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சீட்டில் எழுத்து கோழி கிளறியது போல இருந்தது. கார்பிமசோலா, கார்பமாசிபைனா என்று எனக்கும் தெரியவில்லை. முதலாவது தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கு, மற்றது வலிப்புக்கு. இவர் ஊகிக்கவில்லை. "உங்களுக்கு என்ன தொந்தரவும்மா?" என்று கேட்டார். தைராய்டு என்று அந்தப் பெண் சொன்ன பிறகும் சீட்டில் இருந்த நம்பருக்கு போன் போட்டு டாக்டரிடம் உறுதி செய்துகொண்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. 2015-ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை விதிமுறைகளிலேயே சீட்டைச் சரிபார்ப்பதும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் மருந்தாளுநரின் கடமை என்று இருக்கிறது. எழுத்தில் இருப்பதை நடத்திக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

செஃபிக்ஸிம் மாதிரி ஆன்டிபயாட்டிக் கேட்டுப் போனால் சீட்டு இல்லாமல் கிடைக்காது. சண்டை போட்டாலும் கிடைக்காது. விற்றதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய எச்1 பட்டியல் மருந்து என்பதால் நோயாளி பெயர், டாக்டரின் பெயர், முகவரி எல்லாம் பதிவேட்டில் ஏறும். அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்தாளுநர் மதியம் சாப்பிடப் போகிற நேரத்தில், பையன்கள் சீட்டு மருந்து எதையும் எடுத்துத் தர மாட்டார்கள், உட்காரச் சொல்லிவிடுவார்கள். உட்கார இருப்பது ஒரே ஒரு ஸ்டூல் என்பது வேறு விஷயம். முட்டி வலிக்காரர்களுக்காக இன்னும் இரண்டு நாற்காலி போடலாம்.

இன்னொரு குறையும் உண்டு, அது கொஞ்சம் முக்கியமானது. பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். அட்டையில் பெயர் ஒரு பக்கம் இருக்கும், காலாவதித் தேதி ஒரு ஓரத்தில் இருக்கும். வெட்டிய துண்டில் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். இங்கே பெயரையும் தேதியையும் கவரின் மேல் எழுதித் தருகிறார்கள், சரி. ஆனால் அந்தக் கவர் மெல்லிய காகிதம். மழையில் நனைந்தால் எழுத்து கரைந்துவிடுகிறது. மாத்திரையை டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரைத் தூக்கிப் போடுகிற வீடுகளும் நிறைய. சின்ன ஸ்டிக்கராக அச்சடித்து அட்டைத் துண்டின் மேலேயே ஒட்டினால் இந்தக் கவலையே இருக்காது. நேரில் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார். அதுவரை, முடிந்தால் முழு அட்டையாக வாங்குங்கள்.

விலையில் பெரிய தள்ளுபடி கிடையாது. மாதாமாதம் வாங்குகிற பிரஷர், சுகர் மாத்திரைகளை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்கினால் நிச்சயம் செலவு குறையும். நானும் சிலவற்றை அங்கேதான் வாங்குகிறேன். அப்படி வாங்கினால் பிராண்ட் பெயர் மாறும், மாத்திரையின் நிறம் மாறும். பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டு ஒரே மருந்து இரண்டு மடங்காகிவிடக் கூடாது. அந்தச் சந்தேகத்தோடு இரண்டு அட்டைகளையும் இந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தன் கடையில் வாங்காத மருந்து என்று முகம் சுளிக்காமல், இரண்டிலும் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் வட்டம் போட்டுக் காட்டினார்.

முதல் தடவை போகிறவர்கள் இப்போது சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சித்தா, ஹோமியோபதி மருந்து இருந்தால் அதையும் சேர்த்து. காலை பதினொன்றுக்குள் போனால் கூட்டம் குறைவு, நின்று பேச நேரம் கிடைக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. இன்சுலின் தீரப் போகிறது என்றால் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.