மோகா சோதனை: பத்து நிமிடத் தாளில் என்ன தெரியும், என்ன தெரியாது

வயதானவரின் மறதிக்காக மருத்துவரிடம் போனால், அவர் முன்னால் வைப்பது பெரும்பாலும் ஒற்றைத் தாள்தான். மோகா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மான்ட்ரியல் அறிதிறன் மதிப்பீடு அது. கனடாவில் சியாத் நஸ்ரெத்தீன் குழுவினர் உருவாக்கி 2005-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 30 மதிப்பெண். 26-உம் அதற்கு மேலும் எடுத்தால் இயல்பு.

1975-இல் வந்த எம்எம்எஸ்இ என்ற பழைய அறிதிறன் சோதனையைவிட இது நிச்சயம் கூர்மையானது. அதில் நினைவுவைத்துச் சொல்ல மூன்றே சொற்கள். நன்றாகப் படித்தவர்கள் நோயின் தொடக்கத்திலும் அதில் 30-க்கு 28, 29 வாங்கிவிடுவார்கள். மோகாவில் ஐந்து சொற்களை இரண்டு முறை படித்துக்காட்டி, சுமார் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்கிறார்கள். குறிப்புக் கொடுத்த பிறகு சொன்னால் மதிப்பெண் கிடையாது. ஆனாலும் அந்தப் பதிலைக் குறித்துவைக்க வேண்டும். 'அது ஒரு பூ' என்று சொல்லியும் சொல் வரவில்லையென்றால் அது மனதில் பதியாமலே போயிருக்கலாம். அல்சைமரில் இப்படி நடப்பது வழக்கம். குறிப்புக்குப் பின் வந்துவிட்டால், பதிந்ததை மீட்டெடுப்பதில்தான் சிக்கல்.

கடிகாரம் வரையும் பகுதியும் அருமையானது. நேரம் 11 மணி 10 நிமிடம். பெரிய முள் 2-ஐக் காட்ட வேண்டும். 'பத்து' என்று காதில் விழுந்ததுமே 10-இன் மேல் முள்ளை வைப்பவர்கள் உண்டு. அது வெறும் கவனக்குறைவாக இல்லாமல், திட்டமிடும் திறன் தளர்வதன் அடையாளமாக இருக்கலாம்.

குறை எங்கே என்றால், படிப்பில். 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பாட்டிக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு? பென்சிலையே பிடித்துப் பழகாதவர் கனசதுரத்தைப் பார்த்து வரையத் தடுமாறினால் அது நோயாகிவிடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் குறைவாகப் படித்தவர்களுக்கும் என்றே 'மோகா பேசிக்' இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் வடிவமும் இருக்கிறது. ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துக் கேட்டால், அந்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்.

கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டில் விட்டுவந்தாலும் மதிப்பெண் சரியும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய இரவுத் தூக்க மாத்திரை இருந்தாலும் அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்த மகன் விடையை எடுத்துக்கொடுத்தால் பொய்யாக ஏறும். சில மாதத்தில் மறுபடி சோதித்தால் மாற்றுத் தாளைப் பயன்படுத்த வேண்டும். அதே சொற்கள் பழகிப்போயிருக்கும்.

26-க்குக் கீழே போனாலே டிமென்ஷியா (மறதி நோய்) என்று முடிவுகட்டும் இடத்துக்கு இனிமேல் போகாதீர்கள். மாத்திரை, பணக்கணக்கு, சமையல் ஆகியவற்றில் என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று வீட்டாரைத் தனியாக விசாரிக்க வேண்டும். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி12, தைராய்டு, சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரக ரத்தப் பரிசோதனைகள் வேண்டும். தலை ஸ்கேன் எடுப்பது மூளையின் சுருக்கத்துக்காக மட்டுமல்ல. விழுந்ததில் உறைந்த ரத்தம், பக்கவாதத் தழும்பு, நீர்த்தேக்கம், கட்டி இருக்கிறதா என்று பார்க்கவும்தான்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது மொத்த மதிப்பெண் எழுதிய சீட்டோடு நிற்காமல், நிரப்பிய தாளின் நகலையும் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அதுதான் உதவும்.