பொமரேனியனின் முன்னங்கால் முறிவும் பிளேட் அறுவை சிகிச்சையும்: ஒரு கால்நடை மருத்துவமனை அனுபவம்

நாய்களுக்கும் பூனைகளுக்கும் மட்டும் சிகிச்சை அளிக்கும் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில், எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கு முன்னங்கால் எலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை நடந்தது. குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். சிகிச்சையின் தரத்தில் எனக்கு முழுத் திருப்தி. அதன் பிறகான தகவல் தொடர்பில் பாதித் திருப்திதான்.

கட்டிலிலிருந்து குதித்ததில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ், அல்னா ஆகிய இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. சிறிய இன நாய்களில் மிகவும் சாதாரணமாகக் காணப்படும் முறிவு இது. முதலில் பார்த்த அக்கம்பக்கத்துக் கிளினிக்கில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். மறுபரிசோதனையில் எலும்பு முனைகள் விலகியிருந்தன. உறவினர்களில் பாதிப் பேர் புத்தூர் கட்டு போடச் சொன்னார்கள். இந்த மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, கட்டு ஏன் இந்த இடத்தில் தோற்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கினார். முறிந்த எலும்பு கூடுவதற்கு இரத்த ஓட்டமும் அசைவின்மையும் தேவை. பொமரேனியன் போன்ற நாய்களுக்கு ரேடியஸின் கீழ்முனையில் இரத்தக் குழாய்கள் இயல்பிலேயே குறைவு. சுற்றிலும் சதையும் இல்லாததால் வெளியிலிருந்து கிடைக்க வேண்டிய இரத்தமும் போதாது. எலும்போ தீக்குச்சியைப் போல மெல்லியது. கட்டுக்குள்ளேயே அது சிறிது சிறிதாக அசைந்துகொண்டிருந்தால் எலும்பு கூடாமலேயே போய்விடும் அபாயம் பெரிய நாய்களைவிட இவற்றுக்கு அதிகம்.

எக்ஸ்ரே எடுத்த விதமே எனக்கு நம்பிக்கை அளித்தது. முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு கோணங்களில், முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டும் தெரியும்படி எடுத்தார்கள். ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் நேராகத் தெரியும் எலும்பு இன்னொரு கோணத்தில் விலகி நிற்கக்கூடும். மயக்க மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்ததை வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள். அடிபட்ட விலங்குக்கு நுரையீரலிலும் காயம் இருக்கலாம் என்பதால் அந்தச் செலவை நான் குறை சொல்ல மாட்டேன்.

அறுவை சிகிச்சையில் பிளேட் என்னும் உலோகத் தகட்டையும் ஸ்க்ரூக்களையும் வைத்து எலும்பை இறுக்கினார்கள். சாதாரணமாக முறிவு கூடும்போது முதலில் இரத்தம் உறைந்து, அதில் மென்மையான திசு உருவாகி, பின்பு அது கடினமான புது எலும்பாக மாறி, முறிவைச் சுற்றி ஒரு புடைப்பு எக்ஸ்ரேயில் தெரியும்; மாதக்கணக்கில் அந்தப் புடைப்பு தேய்ந்து எலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்பும். பிளேட் இறுக்கமாகப் பொருந்திய இடத்தில் அந்தப் புடைப்பு ஏறத்தாழ இருக்காது, முறிவுக்கோடு மட்டும் மெல்ல மங்கும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அடுத்த எக்ஸ்ரேயில் புடைப்பைக் காணாதபோது நாங்கள் பதறவில்லை. பிளேட் அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் நடையின் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ள, அடியிலுள்ள எலும்பு மெலிந்துவிடும் என்பதால் நாயின் எடைக்கு ஏற்ற சிறிய பிளேட்டைத் தேர்ந்தெடுத்ததாகவும் நிபுணர் சொன்னார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் போட்ட கட்டுக்கு வெளியே நடுவிரல்கள் இரண்டின் நுனி மட்டும் தெரியும்படி விட்டிருந்தார்கள். அந்த இரண்டு நகங்களும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றனவா, விலகி விரிந்திருக்கின்றனவா என்று தினமும் பார்க்க வேண்டும், விரிந்தால் உள்ளே வீக்கம் என்று பொருள், உடனே அழைத்து வாருங்கள் என்று செவிலியர் எங்கள் கையைப் பிடித்துக் காட்டாத குறையாகக் கற்றுக்கொடுத்தார். அந்த ஒரு பாடத்துக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

இனி குறைகள். வீடு திரும்பும்போது எழுத்து வடிவில் எதுவும் தரப்படவில்லை. எத்தனை வாரம் கூண்டில் வைப்பது, எப்போது வாரில் கட்டி மெதுவாக நடத்துவது, படிக்கட்டு எப்போது என்ற கேள்விகளுக்குத் தொலைபேசியில் ஒவ்வொருவர் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு 2 முதல் 4 வாரங்களில் எலும்பு கூடிவிடலாம். வளர்ந்த நாய்க்கு இரண்டு, மூன்று மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகும். நாய் காலை ஊன்றி ஓடத் தொடங்கியவுடன் குணமாகிவிட்டது என்று அவிழ்த்துவிடும் வீடுகள் பல உண்டு. வலி போவது முதலில், எலும்பு கூடுவது வெகு பின்னர். அந்த இடைவெளியில்தான் ஸ்க்ரூ தளர்கிறது, பிளேட் வளைகிறது என்பதால், வாரவாரியாக ஒரு தாளில் எழுதித் தருவதற்கு இவ்வளவு பெரிய மருத்துவமனைக்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் உள்ள மனித வலி மாத்திரைகளைத் தரக் கூடாது என்பதையும் நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாரசிட்டமால் பூனையின் உயிரையே எடுக்கும் என்பது கேட்காமலே சொல்ல வேண்டிய செய்தி.

கால்சியம் டானிக்கை விற்க முயலாதது இவர்களிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று. சரிவிகித உணவு உண்ணும் நாய்க்குக் கூடுதல் கால்சியம் தருவதால் முறிவு விரைந்து கூடிவிடாது, வளரும் குட்டிகளுக்கு அளவு மீறினால் எலும்பு வளர்ச்சியே கெடும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

கட்டண மதிப்பீட்டை முன்கூட்டியே எழுதித் தந்தார்கள். ஆனால் பிளேட், ஸ்க்ரூ விலையும் மறுபரிசோதனை எக்ஸ்ரேக்களும் அதில் சேராது. அவற்றுக்கான மதிப்பீட்டையும் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மாலையில் கூட்டம் அதிகம், அடிபட்ட விலங்கைத் தனியாகக் கிடத்தி வைக்க இடமில்லை. காலையில் முன்பதிவு செய்து போகலாம்.

ஆடு, மாடு வைத்திருப்போருக்கு இந்த மருத்துவமனை பயன்படாது. ஆட்டின் கீழ்க்கால் முறிவு பெரும்பாலும் நல்ல மாவுக்கட்டிலேயே கூடிவிடும் என்பதால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலேயே காட்டலாம். மாட்டுக்கோ குதிரைக்கோ முறிவு என்றால், 1903 முதல் இயங்கிவரும் வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வண்டியில் ஏற்றுமுன் முறிந்த காலை மூங்கில் தப்பையோ பலகையோ வைத்து, பஞ்சை நிறையச் சுற்றி, மேல்மூட்டும் கீழ்மூட்டும் அசையாதபடி கட்டிக்கொண்டு புறப்படுங்கள்.