மொத்தத் தொகையும் மாத வருமானமும்: கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் ஆலோசனைச் சேவை

கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம், வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவோருக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பின் முதுமையைக் காவிரிக் கரையில் கழிக்க விரும்புவோருக்கும் தனியாக நிதி ஆலோசனை வழங்கிவருகிறது. குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். நானும் என் மைத்துனரும் ஒன்றாகவே அங்கே சென்றோம். நான் சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்து, இந்தியக் குடியுரிமையைக் கடைசிவரை வைத்திருந்தவன். அவர் அந்த நாட்டுக் குடிமகனாகி, ஓ.சி.ஐ. அட்டையுடன் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) பாபநாசம் பக்கத்தில் குடியேற வருபவர். சேமிப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான் என்றாலும் எங்கள் இருவரின் நிலைமையும் எவ்வளவு வேறுபட்டது என்பது அந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தெளிவாக விளங்கியது.

ஆடிட்டர் முதலில் கேட்டது எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையல்ல, எந்த மாதம் வந்து இறங்கப்போகிறோம் என்பதைத்தான். ஆடிப்பெருக்குக்கு முன்பே ஊரில் இருக்க வேண்டும் என்பது மைத்துனரின் ஆசை. அதை ஐப்பசிக்குத் தள்ளிவைக்கச் சொன்னார். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், அக்டோபர் பிறந்து சில நாள்கள் கழித்து வருபவர் அந்த ஆண்டில் 182 நாள்களை எட்டுவதில்லை. ஆகவே, முந்தைய ஆண்டுகளில் நெடுநாள் விடுமுறை எடுத்துத் தங்கியிராதவர் அந்த ஆண்டு முழுவதும் வரிக் கணக்கில் வெளிநாடு வாழ்பவராகவே கருதப்படுவார். அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகள், பத்தில் ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்கும் ஆர்.என்.ஓ.ஆர். என்னும் இடைநிலை பொருந்தும். வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே பெற்றுக்கொள்ளும் வட்டிக்கும் வாடகைக்கும் அந்தக் காலத்தில் பொதுவாக இங்கே வரி இல்லை. அந்தப் பணத்தை முதலில் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு பிறகுதான் இங்கே அனுப்ப வேண்டும், நேராக இங்குள்ள கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்று அவர் இருமுறை வலியுறுத்தினார். வங்கிகளின் என்.ஆர்.ஐ. பிரிவுகளில் வைப்புத்தொகைக்கு ஆள் பிடிப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நிலம் பற்றிய பேச்சு மைத்துனருக்குக் கசப்பாக இருந்தது. டெல்டாக்காரனுக்குப் பணம் சேர்ந்தால் முதலில் கண் போவது நஞ்சையின்மேல்தானே. ஆனால் ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விளைநிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க இயலாது. பெற்றோர் வழியில் வாரிசாக வருவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வசிக்கும்வரை இந்தியக் குடிமகனுக்கும் இதே தடைதான். நிரந்தரமாகத் திரும்பிவந்த பின் எனக்கு அது விலகிவிடுகிறது, அவருக்கு விலகுவதில்லை. வரிச் சட்டம் தங்கிய நாள்களை எண்ணுகிறது, நிலத்தைப் பற்றிய விதியோ கையிலிருக்கும் பாஸ்போர்ட்டையும் பார்க்கிறது. உறவுக்காரர் பெயரில் வாங்கிப் போடலாமா என்று மைத்துனர் கேட்டதும், அது பினாமி ஆகிவிடும், அதற்கு இந்த அலுவலகம் துணை நிற்காது என்று ஆடிட்டர் முகத்துக்கு நேரே மறுத்தார். அதற்காகவே அவர்மீது மதிப்பு கூடியது.

இந்தச் சேவையின் உண்மையான பயன், அவர்கள் போட்டுக் கொடுக்கும் மாதச் செலவுத் தாளில் இருக்கிறது. வீட்டுச் செலவு, மருந்து, மின்கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே ‘ஊர்ச் செலவு’ என்று தனிப்பகுதி. கோயில் திருப்பணி, கும்பாபிஷேக நன்கொடை, காதுகுத்து, வளைகாப்பு, அக்கா தங்கை வீட்டுச் சீர், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் மாலைவரை அதில் இடம்பெறுகின்றன. எங்களுக்கு முன் அமர்ந்திருந்த பேராவூரணிக்காரர் மொய் விருந்து நடத்தி வாங்கிய தொகையைச் சேமிப்பு என்று சொன்னபோது, ஆடிட்டர் அதை வரவில் எழுதாமல் கடன் பக்கத்தில் எழுதியதைக் கண்டேன். ‘சார், இதை நீங்கள் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும், உங்கள் பணம் என்று எப்படிச் சொல்வது?’ என்று அவர் கேட்டதற்கு மறுமொழி இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் குறைவாகச் செய்தால் ‘அங்கே சரியாகச் சம்பாதிக்கவில்லை போலிருக்கிறது’ என்று பேசும் ஊரில், கௌரவத்துக்கு ஆகும் செலவை வெட்கப்படாமல் எண்ணாக எழுதிப் பார்ப்பது பெரிய காரியம்.

வீட்டைப் பற்றியும் அவ்வாறே. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் ராஜகிரியிலும் வெளிநாடு போய்ச் சம்பாதித்த சபராளிகள் கட்டிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டுவதற்கான செலவோடு, இருபது ஆண்டுகளுக்கான வெள்ளையடிப்பு, காவலாள், பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டியபோது, நான் மனத்தில் வைத்திருந்த இரண்டு மாடியில் ஒன்று கரைந்தது.

எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் போட்ட கணக்கைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிரந்தரவாச உரிமையை ஒப்படைத்துவிட்டு நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறுபவர் சி.பி.எஃப். என்னும் சிங்கப்பூரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பை முழுவதும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் என் கைக்குப் பெருந்தொகை வருகிறது. குடிமகனான மைத்துனருக்கோ 65 வயதிலிருந்து சி.பி.எஃப். லைஃப் திட்டத்தில் ஆயுள் முழுவதும் மாதத்தொகை கிடைக்கும். ஊர்க்கண்ணுக்கு நான்தான் வசதியானவன். ஆடிட்டர் தாளிலோ அவர்தான், ஏனென்றால் அவர் எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் அந்தப் பணம் நிற்பதில்லை, அதைக் கைமாற்றுக் கேட்டு யாரும் வாசலுக்கு வருவதுமில்லை. வளைகுடாவிலிருந்து வருபவர்களின் நிலைமை இன்னும் இறுக்கமானது. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள், அதன் பின் 30 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை மட்டுமே. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, படிகளை உயர்த்திக் கொடுக்கும் நிறுவனங்களில் அதுவும் சொற்பமாகிவிடுகிறது.

வங்கிக் கணக்குகளைப் பற்றிய வழிகாட்டல் சரியாகவே இருந்தது. திரும்பி வந்ததும் என்.ஆர்.இ. கணக்கை (வெளிநாடு வாழ்பவரின் ரூபாய்க் கணக்கு) உள்நாட்டுக் கணக்காகவோ ஆர்.எஃப்.சி. கணக்காகவோ (திரும்பி வந்தவருக்கான அன்னியச் செலாவணிக் கணக்கு) மாற்ற வேண்டும், எஃப்.சி.என்.ஆர். என்னும் அன்னியச் செலாவணி வைப்பு முதிர்வுவரை பேசிய வட்டியிலேயே தொடரலாம். 60 வயதான இந்தியக் குடிமகன் உள்நாட்டுவாசி ஆன பின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய்வரை போடலாம். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம்தான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே வங்கியில் குவிக்கக் கூடாது.

இனி குறைகள். உள்ளறையில் ஆடிட்டர் நேர்மையாகப் பேசி முடித்ததும், வெளியறையில் இன்னொருவர் காப்பீட்டுடன் கூடிய சேமிப்புத் திட்டங்களின் வண்ணத் தாள்களோடு காத்திருக்கிறார். அவருக்குக் கமிஷன் கிடைக்கிறதா என்று கேட்டேன். சுற்றிவளைத்துப் பேசினாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. முதலீட்டு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவோர் பொதுவாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியில் பதிவுபெற்றிருக்க வேண்டும். இந்த அலுவலகத்துக்கு அந்தப் பதிவு இல்லை. எனவே வரிக்கும் நாள் கணக்குக்கும் இங்கே வரலாம், எதில் முதலீடு செய்வது என்பதற்கு வேறிடம் தேடுவதே நல்லது.

சிங்கப்பூர் விதிகளில் அவர்களுக்குப் பிடிமானம் போதாது. ஒரே உயிலில் எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்றார் ஆடிட்டர். சி.பி.எஃப். பணம் உயிலில் அடங்காது, அதற்குத் தனியே நியமனம் செய்ய வேண்டும் என்பதை மைத்துனர்தான் எடுத்துச் சொன்னார். அவருடைய மெடிஷீல்டு லைஃப் என்னும் சிங்கப்பூர் மருத்துவக் காப்பீடு இங்கே செய்துகொள்ளும் சிகிச்சைக்கு உதவாது என்பதும் அந்தத் தாளில் ஏறவில்லை. இங்கே புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுகள்வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடவே வரும் வயதில் இது விடுபடக் கூடாத குறிப்பு.

கட்டணம் குடும்பத்துக்கு 10,000 ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் தனி. ரசீது தந்தார்கள், ஆனால் எதெல்லாம் அதில் அடங்கும் என்று முன்கூட்டி எழுதித் தரவில்லை. வேலையை விடுவதற்கு ஓராண்டு முன்பே போகிறவர்களுக்குத்தான் இது முழுமையாகப் பயன்படும். பெட்டி படுக்கையோடு திருச்சியில் இறங்கிய பிறகு போனால் தேதியை மாற்ற வழியில்லை. செல்லும்போது காலாவதியான பழைய பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்: கடந்த ஆண்டுகளின் வருகை, புறப்பாட்டு முத்திரைகளைப் பார்த்துத்தான் நாள்களை எண்ணுகிறார்கள், வாய்ச்சொல்லை ஏற்பதில்லை.